இடைநிற்கக்கூடியவர்கள் பட்டியலில் 63 பெயர், பார்த்துக்கொள்ள 3 பேர். எங்கே தொடங்குவது?

புதுத்தலைமை:
ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 480 மாணவர்கள். "யாரெல்லாம் பாதியில் நின்றுவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று வகுப்பாசிரியர்களிடம் கேட்டதில் 63 பெயர் வந்தது. ஒருவர் பதினெட்டுப் பெயர் தந்தார், இன்னொருவர் ஒன்றுகூடத் தரவில்லை. நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் துணைத் தலைமை ஆசிரியர், ஆலோசகர், நான், அவ்வளவுதான். பட்டியலை எப்படி வடிகட்டுவது? வாரக் கூட்டம் வைத்தால் அதில் எதைப் பேசுவது? வீட்டுக்குப் போன் செய்தால் "உடம்பு சரியில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அனுபவக் கதை வேண்டாம், செய்முறை சொன்னால் உதவி.

பதிவேட்டுப்புழு:
கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது சார். "யார் நிற்பார்கள்" என்று கேட்டால் ஆசிரியருக்கு முதலில் நினைவுக்கு வருவது சத்தம் போடுகிற பிள்ளைதான். கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வாரம் ஒருநாள் காணாமல் போகிற பிள்ளை பட்டியலில் வராது. ஆகவே வருகை, நடத்தைக் குறிப்பு, பாடத் தோல்வி மூன்றையும் பதிவேட்டிலிருந்து எடுங்கள். ஆசிரியர் கருத்தை அதற்குப் பிறகு கேளுங்கள். பிலடெல்பியாவில் ஆறாம் வகுப்பு மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. பின்னாளில் பள்ளிப்படிப்பை முடிக்காமல் போனவர்களில் 60 சதவீதம் பேரை, இந்த மூன்று வகை அறிகுறிகளை வைத்து ஆறாம் வகுப்பிலேயே அடையாளம் காண முடிந்தது என்றது அது.

வருகையில் பள்ளிச் சராசரியை நம்ப வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 பேர் வகுப்பு, மாதம் 20 வேலை நாள், மொத்தம் 800. அதில் 60 வராமை என்றால் வருகை 92.5 சதவீதம். அறிக்கையில் அழகாகத்தான் இருக்கும். அந்த 60இல் 48, ஆளுக்கு 8 நாள் வீதம் ஆறே பேருடையதாக இருக்கலாம். அந்த ஆறு பேரின் வருகை 60 சதவீதம்!

10 சதவீத நாள் வராவிட்டால் கவனிப்பு, 20 சதவீதம் என்றால் உடனடி நடவடிக்கை என்று வையுங்கள். 200 நாள் ஆண்டில் 10 சதவீதம் என்பது 20 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டே நாள். அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் மட்டும் சதவீதம் ஏமாற்றும்: 15 நாளில் 2 நாள் வராதவர்கூடப் பட்டியலில் ஏறிவிடுவார். முதல் மாதத்தில் எண்ணிக்கையாகவே பாருங்கள். 2 நாள் என்றால் விசாரிக்கலாம், 4 நாள் என்றால் கூட்டத்துக்குக் கொண்டுவரலாம். நடுவில் சேர்ந்தவருக்குச் சேர்ந்த தேதியிலிருந்துதான் வேலை நாளைக் கணக்கிட வேண்டும். பாதிப்பேர் மறப்பது இதைத்தான்.

இன்னொரு ஓட்டை: காலையில் ஒருமுறை மட்டும் பெயர் கூப்பிடும் பள்ளியில் மதியத்துக்கு மேல் கிளம்பிப்போகிறவர் முழுநாள் வந்தவராகவே பதிவாகிறார். மதியம் முதல் பீரியடிலும் ஒருமுறை எடுங்கள்.

நாலாம்பீரியட்:
மேலே சொன்னபடி வடிகட்டினாலும் முப்பது, முப்பத்தைந்து பெயர் நிற்கும். அத்தனை பேரையும் ஒரே கூட்டத்தில் பேசாதீர்கள். பேசினால் ஒவ்வொருவருக்கும் "பெற்றோரை வரச்சொல்லலாம்" என்று எழுதிவிட்டுக் கலைந்துவிடுவீர்கள்.

வாரம் ஒருமுறை, 40 நிமிடம், எட்டுப் பெயர், ஆளுக்கு ஐந்து நிமிடம். நாளும் நேரமும் மாறக்கூடாது. தலைமை ஆசிரியர் வேறு வேலை என்று இரண்டு வாரம் எழுந்துபோனால் மூன்றாவது வாரம் கூட்டமே இருக்காது. ஒரு பெயருக்கு ஒரு வரி: என்ன அறிகுறி, என்ன காரணம் என்று நினைக்கிறோம், என்ன செய்யப்போகிறோம், யார், எந்தத் தேதிக்குள், போன முறை செய்தது பலித்ததா. கடைசிக் கட்டத்தைக் காலியாக விடுகிற பள்ளிகள்தான் அதிகம். அது காலியாக இருந்தால் மற்றதெல்லாம் வெறும் காகிதம். "ஆசிரியர்கள் கவனிப்பார்கள்" என்று எழுதினால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். ஒரே ஒரு பெயர் எழுதுங்கள்.

காரணத்தை ஊகிக்கிறபோது வராத நாள்களின் வடிவத்தைப் பாருங்கள். எப்போதும் ஒரே கிழமை என்றால் அன்றைய பாடத்தையோ அன்று வீட்டில் இருக்கிற வேலையையோ விசாரியுங்கள். தேர்வு நாளில் மட்டும் என்றால் அநேகமாக வாசிப்புதான் சிக்கல். சிதறலாக அரை அரை நாள் என்றால் போக்குவரத்தோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்போ இருக்கலாம். ஊகத்தைப் பிள்ளையிடம் கேட்டு உறுதி செய்யாமல் திட்டம் போட வேண்டாம்.

அடுத்தது ஆள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், வாரம் பத்து நிமிடம், வருகையையும் மதிப்பெண்ணையும் முன்னால் வைத்துப் பேச வேண்டும். 1990இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான 'செக் அண்ட் கனெக்ட்' முறை இதுதான். அதில் அந்த ஆள் குறைந்தது இரண்டு ஆண்டு மாறக்கூடாது. முழு வகுப்புச் சுமை உள்ள ஆசிரியரிடம் நான்கு பேருக்கு மேல் தராதீர்கள். தருகிறபோது அவரிடமிருந்து ஏதாவது ஒரு பொறுப்பை எடுங்கள். தலைமையின் வேலை முக்கால்வாசி இதுதான்: யாருடைய மேசையிலிருந்து எதை எடுப்பது என்று முடிவெடுப்பது.

புதுத்தலைமை:
நன்றி. 8 பெயர் போக மீதி 25 பேர் சும்மா இருப்பார்களா? போன் விஷயமும் நிற்கிறது.

சுண்ணக்கட்டி:
மீதிப் பேருக்குக் கடிதம். பிலடெல்பியாவிலேயே 28,000க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வு (2018): "உங்கள் பிள்ளை இதுவரை இத்தனை நாள் வரவில்லை" என்று எண்ணோடு தபாலில் தெரிவித்ததாலேயே, தொடர்ந்து வராமல் இருந்தவர்கள் எண்ணிக்கை 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. பெற்றோர் பலருக்கு மொத்த எண்ணிக்கையே தெரிவதில்லை, நிஜத்தைவிடக் குறைவாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். "கடந்த 40 நாளில் 7 நாள் வரவில்லை. எங்களால் ஏதாவது உதவ முடியுமென்றால் இந்த எண்ணில் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். சட்டம், எச்சரிக்கை என்று எழுதினால் படிக்காமல் ஓரம் வைத்துவிடுவார்கள்.

போன்: "ஏன் வரவில்லை?" என்று தொடங்கினால் "உடம்பு சரியில்லை" என்பதுதான் பதில், அது பெற்றோரின் கவசம். "இன்று பிள்ளையைக் காணோம், நல்லா இருக்கிறாளா? நாளைக்கு வருகிறபோது அறிவியல் நோட்டை வாங்கிவைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்று பேசிப்பாருங்கள். முதல் நாளே, பத்து மணிக்குள், பிள்ளைக்குத் தெரிந்த ஆசிரியர் கூப்பிட வேண்டும். அலுவலகத்திலிருந்து போனால் அது கெடுபிடியாகத்தான் கேட்கும். நல்ல செய்திக்கு ஒருமுறை முன்னாலேயே பேசியிருந்தால் இந்தப் போனை எடுப்பார்கள், இல்லாவிட்டால் எண்ணைப் பார்த்ததுமே வைத்துவிடுவார்கள்.

திரும்பிவருகிற நாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஆறு நாள் கழித்து வருகிற பிள்ளையிடம் எல்லோர் முன்னாலும் "வாங்க மகாராஜா" என்று சொன்னால் ஏழாவது நாளும் போச்சு. விட்டுப்போன 14 வேலைகளையும் எழுதச்சொல்லாதீர்கள். பாடத்துக்கு ஒன்று, அடுத்த பாடத்துக்கு அது இல்லாமல் முடியாது என்கிறதை மட்டும் பொறுக்குங்கள். தாமதமாக வந்தவரை வாசலிலேயே நிறுத்துகிற வழக்கமும் போகவேண்டும். பத்து நிமிடத் தாமதம் ஒரு பீரியட் இழப்பாகிறது, பிறகு "லேட்டானால் போகவே வேண்டாம்" என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது.

பதிவேட்டுப்புழு:
இரண்டு சேர்க்கிறேன். பட்டியலை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டாதீர்கள், 'இடைநிற்றல் பட்டியல்' என்று பெயரும் வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் பிள்ளைகள் காதுக்குப் போய்விடும். வருகை 4 வாரம் தொடர்ந்து 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெயரை வாரப் பட்டியலிலிருந்து மாதப் பட்டியலுக்கு நகர்த்துங்கள், அந்த இடத்தில் காத்திருப்பவர் ஏறட்டும். 25 பேர் கேள்விக்கும் அதுவே வழி.

வாசிப்பு வகுப்பு வைப்பதானால் விளையாட்டு, ஓவிய நேரத்தைப் பிடுங்க வேண்டாம். அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவதே அதற்காக இருக்கலாம்.

நாலாம்பீரியட்:
சுண்ணக்கட்டி சொன்னதில் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. கடிதம் 10 சதவீதக்காரருக்குத்தான் வேலை செய்யும். 20 சதவீதத்தைத் தாண்டியவருக்கு ஆளே போக வேண்டும்.

தோல்வியடைந்தவரை அதே வகுப்பில் உட்காரவைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் கட்டாயம் எழும். வயதில் மூத்தவராக ஓராண்டு சிறியவர்களோடு உட்காருவது, அதிலும் நடுநிலை வகுப்புகளில், நிற்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மேலே அனுப்பி, தோற்ற பாடத்துக்கு மட்டும் தனி நேரம் கொடுங்கள். புதிய கட்டத்தின் முதல் ஆண்டுக்கு முன்னுரிமை. சிகாகோவில் 2005இல் வந்த ஆய்வில், உயர்நிலைப்பள்ளி முதல் ஆண்டை ஓரளவு தோல்வியில்லாமல் கடந்தவர்கள் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. உங்கள் பள்ளியில் அது ஆறாம் வகுப்பு. எட்டுப் பெயரில் குறைந்தது மூன்று அங்கிருந்து வரட்டும்.

ஏற்கெனவே நின்றுபோனவர் திரும்பினால், முதலில் அரை நாள் மட்டும் வர விடலாம். ஆனால் முடியும் தேதியை எழுதி, பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்திட்ட பிறகு விடுங்கள். இரண்டு வாரம் போதும். தேதி எழுதாத அரை நாள் நாலு மாதம் ஓடும்.