சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பழைய வீடு: வித்துடலாமா, எடுத்துக் கட்டலாமா?

பாலாத்து_மணல்:
வணக்கம் நண்பர்களே. வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டுல எங்க ஆயா பேர்ல ஒரு எல்.ஐ.ஜி. (குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான) வீடு இருக்கு, ஆயா தவறிட்டாங்க, நாங்க எல்லாம் பெங்களூர்ல செட்டில், வீடு பூட்டியே கிடக்கு. அப்பா வித்துடலாம்ன்றாரு, எனக்கு மனசில்ல. அந்த ஏரியா முன்ன எப்படி இருந்துச்சு, இப்ப நிலவரம் என்ன, செலவு பண்ணி எடுத்துக் கட்டினா வொர்த்தா?

ரங்காபுரம்_ராஜா:
இன்னா பா இப்படி கேட்டுட்ட, வித்துட்டு அப்புறம் அழுவாத. அந்தக் காலத்துல வேலூர் டவுன்காரனுக்கு சத்துவாச்சாரின்னா ஊருக்கு வெளிய. கோட்டையில சாமி இல்லாத கோயில்னு கேலி பண்ணுவாங்களே, அந்த ஜலகண்டேஸ்வரர் லிங்கம் அப்ப இருந்ததே நம்ம சத்துவாச்சாரில தான், 1981 மார்ச்ல தான் கோட்டைக்குள்ள கொண்டு போய் வெச்சாங்க. அப்புறம் பேஸ் பேஸா போர்டு வீடுங்க வந்துச்சு, வாத்தியாரு, கிளார்க்குன்னு மாசச் சம்பளக்காரங்க தவணையில வாங்கிப் போட்டாங்க. தனி நகராட்சியா இருந்த ஊரு 2011ல மாநகராட்சியில சேந்துச்சு. கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு ரெண்டும் இங்க தான், சென்னை-பெங்களூர் ஹைவே பக்கத்துலயே போவுது. வாடகைக்கு ஆள் தேடி அலைய வேணாம்.

ஜாலி_ஜன்னல்:
ராஜா அண்ணன் நல்லதை மட்டும் சொல்லிட்டாரு. பாதாள சாக்கடைக்கு தெருவைத் தோண்டிப் போட்டு சரியா மூடாம மழையில வண்டி சேத்துல சிக்கினதெல்லாம் நாங்க தான் அனுபவிச்சோம். அதை விட பெரிய பிரச்சனை ரோடு லெவல், பழைய தாரை சுரண்டாம அது மேலயே போட்டுப் போட்டு இப்ப எங்க வீட்டுக்கு ரெண்டு படி ஏறிப் போன காலம் போய் ஒரு படி இறங்கிப் போறோம், பெரிய மழைன்னா தண்ணி நேரா ஹாலுக்கு வருது. கடப்பா கல் பரண், சிமெண்ட் ஜாலி பாக்க அழகா தான் இருக்கும், ஆனா ஓதம் ஏறின சுவத்துக்கு மேல மாடி எழுப்பாதீங்க, தரையை உசத்தாம பெயிண்ட் அடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. எங்க பக்கத்து வீட்டுக்காரர் அப்படி தான் பண்ணாரு, ஒரே மழைக்காலம், எல்லாம் உரிஞ்சு வந்துடுச்சு.

வில்லங்கம்_பாத்தியா:
கட்றதா விக்கிறதான்றது அப்புறம், முதல்ல பத்திரம் இருக்கான்னு பாருங்க. தவணை முழுக்க கட்டி முடிச்சா தான் போர்டு கிரயப் பத்திரம் எழுதித் தரும், நிறைய பேர் பணத்த கட்டிட்டு பத்திரம் பதியாமலே விட்டுட்டாங்க, ஒதுக்கீட்டு ஆர்டரையே பத்திரம்னு பீரோவுல வெச்சிருக்காங்க. ஆயா பேர்ல கிரயம் ஆகலைன்னா இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கிட்ட வாரிசு சான்றிதழ் வாங்கி வாரிசுங்க பேருக்கு மாத்தச் சொல்லி போர்டுல எழுதிக் குடுக்கணும், அத்தை சித்தப்பா எல்லார் கையெழுத்தும் வேணும், அங்க தான் இழுக்கும். அது முடிஞ்சு பட்டா மாத்திட்டு தான் பிளான் அப்ரூவல், பேங்க் லோன் எல்லாம்.

பாலாத்து_மணல்:
பீரோவுல இருக்கறது ஒதுக்கீட்டு ஆர்டர் தான்னு நினைக்கிறேன் 😬 இந்த வாரம் அப்பாவ கூட்டிட்டு வந்து பாக்கறேன். அத்தைங்க ரெண்டு பேரு குடியாத்தத்துல இருக்காங்க, அவங்க கிட்ட பேசறது தான் பயமா இருக்கு.

ரங்காபுரம்_ராஜா:
அத்தைங்கள பாக்க வெறுங்கையோட போவாத, அவ்ளோ தான் சொல்வேன். பத்திரம் ஆச்சுன்னா மெசேஜ் போடு, தரை உசத்தற வேலைக்கு நம்ம மேஸ்திரி கீறாரு.