ஏற்காட்டில் ஒரு ஞானஸ்நான விருந்து

போன டிசம்பரில் ஏற்காட்டில் நண்பனின் மகளுக்கு ஞானஸ்நானம். காபிப் பழம் பறிக்கிற சமயம். களத்தில் பாதியில் காபி காய்ந்துகொண்டிருந்தது, மீதியில் பந்தி.

நண்பனின் மாமனார் சேலத்துக்காரர். பழைய திராவிடர் கழகத்து ஆள். 1944-இல் கழகத்துக்கு அந்தப் பெயர் வைத்ததே எங்க ஊரில்தான் என்றுதான் எந்தப் பேச்சையும் தொடங்குவார். கோயில் வாசலோடு நின்றுகொண்டவர், பந்தியில், வேதம் சொல்லித்தரும் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டார். பிறக்கும்போதே ஒட்டிவருகிற ஜென்மப் பாவத்தை ஞானஸ்நானம் கழுவுகிறது என்பார்களே, அதைப் பற்றி.

“பொறந்து நாலு மாசம். பால் குடிச்சதைத் தவிர என் பேத்தி என்னங்க தப்பு பண்ணுச்சு?”

“குழந்தை செஞ்ச பாவம்னு சொல்லலைங்க. ஆதாம் வழியா வர்ற நிலை அது. அப்பனுக்குச் சர்க்கரை இருந்தா பிள்ளைக்கும் வருதில்லையா?”

“சர்க்கரைக்கு மாத்திரை குடுப்பாங்க. நரகம் குடுக்க மாட்டாங்க.”

பக்கத்து வீட்டு அக்கா குறுக்கே வந்தார். “ஜென்மப் பாவம்னா போன ஜென்மத்துல செஞ்சதுதானே?” இல்லை என்று விளக்கியதும், “அப்போ எங்களுதே தேவலை. செஞ்சவனே அனுபவிக்கிறான்” என்றார். மாமனார் அவரையும் விடவில்லை: “ஞாபகமே இல்லாத தப்புக்கா?”

நானாவது சும்மா இருந்திருக்கலாம். மகன் தந்தையின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று பைபிளிலேயே எசேக்கியேல் 18:20 இருக்கிறதே என்றேன். ஆதாமால் பாவம் உலகத்துக்குள் வந்தது என்கிற ரோமர் 5:12-ஐப் பழைய திருச்சபை அறிஞர் அகஸ்டின் லத்தீனில் ‘அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்’ என்று படித்தார், கிரேக்கத்தை ‘எல்லாரும் பாவம் செய்ததால்’ என்று படிப்பவர்கள் உண்டு, ஆர்த்தடாக்ஸ் போன்ற கிழக்குத் திருச்சபைகள் ஆதாமின் குற்றமே பிள்ளைக்கு வருகிறது என்று சொல்வதில்லை... அடுக்கிக்கொண்டே போனேன். படித்த திமிர்தான், வேறென்ன.

நண்பனின் அப்பாயி அதுவரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவர்.

“எனக்கு மொதல்ல ஒண்ணு பொறந்துச்சு. ஞானஸ்நானம் குடுக்குறதுக்குள்ள போயிடுச்சு. கல்லறையில எடம் இல்லைன்னுட்டாங்க. வேலிக்கு வெளிய, சில்வர் ஓக் மரத்தடியில பொதைச்சோம்.”

உபதேசியார் குரலை இறக்கிக்கொண்டு, இப்போது அப்படி இல்லை, 2007-இல் ரோமில் கத்தோலிக்கத் திருச்சபையின் இறையியல் ஆணையமே அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மீட்பு உண்டு என நம்பக் காரணங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறது என்றார்.

“அதை அப்பவே சொல்லியிருந்தா நான் அத்தனை வருசம் அழுதிருக்க மாட்டேனே சாமி.”

யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மாமனார்தான் கேட்டார்: “அந்த மரம் இன்னும் இருக்காம்மா?”

“அது எப்பவோ வெட்டி வித்தாச்சு” என்று அப்பாயி இலையை மடித்தார்.