புதுப்பிப்பு: குரோஷே போர்வையைக் காயவைப்பது

குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது) போர்வையைத் துவைப்பது பற்றிய முந்தைய பதிவு குளிர்நீரில் கைத்துவையலோடு நின்றது. பிறகு அதிகம் வந்த கேள்வி: கோலாலம்பூர் அடுக்குமாடியில், மாலை மழை நேரத்தில், இதை எங்கே காயவைப்பது?

முதலில் நீரை வெளியேற்றுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. வலைப்பைக்குள் போட்டு சலவை இயந்திரத்தில் நிமிடத்துக்கு 400–600 சுற்று வேகத்தில் மட்டும் சுழற்றலாம். பிறகு தடித்த துண்டில் பாய் போலச் சுருட்டி அழுத்துங்கள். துண்டு நனைந்தால் இன்னொன்று.

கொடியில் தொங்கவிடாதீர்கள், நீரின் பாரத்தில் பின்னல் கண்ணிகள் நீண்டுவிடும், பருத்தி நூலில் இது மிக மோசம். துணி உலர்த்தும் மடக்குச் சட்டங்கள் இரண்டைச் சேர்த்து, மேலே வலை விரித்து, போர்வையைச் சமமாகப் பரப்புங்கள். அடியிலிருந்து மின்விசிறி, சில மணிக்கு ஒருமுறை திருப்பல். ஏர்கோனில் 'டிரை' முறை (காற்றின் ஈரத்தை எடுப்பது) இருந்தால் நல்லது. உச்சிவெயில் சாயத்தை வெளுக்கும்.

டோபி கடை டிரையர்? அக்ரிலிக் (செயற்கை நூல்) அதிகச் சூட்டில் துவண்டு பளபளக்கும், மீளாது. கம்பளி சுருங்கி இறுகும். பருத்திக்கு மட்டும் குறைந்த சூட்டில் 15 நிமிடம், மிச்சம் பரப்பித்தான்.

நூல் எதுவென்று தெரியாவிட்டால், மிச்ச நூலை இடுக்கியில் பிடித்து, சிங்க்கின் மேல் கொளுத்துங்கள்: அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும், கம்பளி முடி பொசுங்கும் நாற்றம் தரும், பருத்தி காகிதமாய் எரிந்து சாம்பலாகும்.

ஊசல் வாடை வந்துவிட்டால் வாசனைத் திரவியம் தெளித்து மறைக்காதீர்கள், மறுபடி அலசுங்கள்.