மலைப்பாதையில் சிறுத்தை வந்தால் கையில் தடி இருந்து என்ன பயன்?

குத்தாலத்துக்காரன்:
புரட்டாசி சனிக்கிழமைக்கு எங்கள் தெருவில் இருந்து வேன் பிடித்து திருப்பதி போகிறோம், அலிபிரியில் இறங்கி நடந்தே மலை ஏறுவதாக வேண்டுதல், சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள். 2023 ஆகஸ்டில் அந்தப் பாதையில் ஆறு வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை அடித்துக் கொன்றது எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் தேவஸ்தானமே நடப்பவர்களுக்குத் தடி கொடுத்தது. என் மச்சான் இன்னும் ஒரு படி மேலே போய் ஆளுக்கு ஒரு மூங்கில் கழி, நடுவில் வருபவரிடம் இரண்டு சரம் வெடி, மிளகாய்ப்பொடிப் பொட்டலம் என்று பட்டியல் போட்டுவிட்டார். வெடி எனக்கே கொஞ்சம் ஓவராகப் படுகிறது, ஆனால் தடி வேண்டும் என்பதுதான் என் கட்சி. வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு பேசுங்கள்.

கொள்ளிடக்கரை:
காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன். சிறுத்தை நேருக்கு நேர் வந்து நின்று "வா பார்க்கலாம்" என்று கூப்பிடாது. புதருக்குள் பதுங்கி, கூட்டத்தில் சின்னது எது, தனியாக விலகியது எது என்று பார்த்து, பக்கவாட்டிலோ பின்னாலோ பாயும். 2023இல் அந்தக் குழந்தை ராத்திரி நேரத்தில் பெற்றோருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்ததாகத்தான் செய்தி. அப்பா கையில் இரும்புக் கம்பியே இருந்தாலும் அந்த இடைவெளியில் என்ன செய்ய முடியும்? பிள்ளைகளின் கையைப் பிடித்து நடுவில் விட்டு, வெளிச்சத்தோடு ஏறி முடியுங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு 12 வயதுக்கு உட்பட்டவர்களை மதியம் 2 மணிக்கு மேல் நடைபாதையில் விடமாட்டோம் என்று கட்டுப்பாடு வந்ததே, தடி கொடுத்ததைவிட அதுதான் உருப்படியான வேலை. இப்போது பிள்ளைகளை எத்தனை மணிவரை விடுகிறார்கள் என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வெடியைப் பற்றி என்ன சொல்ல, காட்டுக்குள் வெடி கொளுத்தினால் சிறுத்தை வருவதற்கு முன் வனத்துறை வரும். 2018 மார்ச்சில் குரங்கணியில் தீக்குள் மாட்டி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் செத்தார்கள், காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

சீர்காழி ஸ்டோர்ஸ்:
கொள்ளிடக்கரை அண்ணே, தடி என்றதும் அடிப்பதற்கு மட்டும் என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? ராத்திரி மடை திறக்க வரப்பில் போகிறவன் கழி இல்லாமல் போவானா? பாம்பை அடிக்கவா கொண்டு போகிறான், தட்டிக்கொண்டே போனால் அது விலகிக்கொள்ளும். அதேதான் இங்கேயும். தலைக்கு மேல் தடியைத் தூக்கிப் பிடித்தால் ஆள் பெரிதாகத் தெரிவோம், சத்தம் போட ஒரு தைரியம் வரும். முக்கியமாக ஓடத் தோன்றாது. வெறுங்கையோடு நிற்பவன்தான் முதலில் ஓடுவான், ஓடினால் துரத்தும்.

கொள்ளிடக்கரை:
தைரியம் வருவதுதான் என் பயமே. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில், செம்மங்குளம் பக்கம் சிறுத்தை கேமராவில் பதிவானபோது பள்ளிக்கூடம் லீவு, கூண்டு, தானியங்கி கேமரா என்று ஊரே அல்லோலப்பட்டது. வெளியே வராதீர்கள் என்று அதிகாரிகள் கத்திக்கொண்டிருக்க, எங்கள் பக்கத்துப் பையன்கள் ஒரு கையில் கழி, ஒரு கையில் செல்போன் என்று கருவைக் காட்டுக்குள் இறங்கிப் போனார்கள். தடி இல்லாவிட்டால் போயிருப்பார்களா? அது ஆட்டை அடித்துத் தின்றுவிட்டு ஆற்றோரமாகவே நழுவி அப்புறம் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கம் தட்டுப்பட்டது. மறைவிடம் குறைவான நம் வயல்காட்டில்கூட ஆளைத் தவிர்த்துக்கொண்டுதான் திரிந்தது, மலையில் நம்மைத் தேடியா வரப்போகிறது?

வால்பாறை ரிட்டர்ன்:
சொந்த ஊர் திருவாரூர், பிழைப்பு இத்தனை வருஷமாக வால்பாறை எஸ்டேட்டில். இரண்டு பேர் சொல்வதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. காடு என்றாலே சிறுத்தை என்று பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் நாங்கள் அதிகம் பயப்படுவது யானைக்கு, அதற்கடுத்து கரடிக்கு. ஒவ்வொன்றுக்கும் நடைமுறை வேறு. சிறுத்தை தெரிந்தால் ஓடக்கூடாது, குனியக்கூடாது, உட்காரக்கூடாது. ஒதுங்கப் போய் உட்கார்ந்தவர், தேயிலை பறிக்கக் குனிந்தவர், முற்றத்தில் விளையாடிய குழந்தை, இப்படித் தாழ்வாகத் தெரிவதைத்தான் அது இரையாக எண்ணும். முதுகைக் காட்டாமல், அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்னால் வர வேண்டும், அது போவதற்கு வழி விட வேண்டும். யானையிடம் இதைச் செய்துகொண்டிருக்காதீர்கள்! தூரத்தில் சாணம் ஆவி பறக்கத் தெரிந்தாலே, மூங்கில் முறியும் சத்தம் கேட்டாலே வந்த வழியே திரும்பிவிட வேண்டும், அதன் முன் தடியைத் தூக்கினால் அவ்வளவுதான். கரடி கறையான் புற்றைத் தோண்டும்போது நாம் பக்கத்தில் வந்ததே அதற்குத் தெரியாது, திடுக்கிட்டு எழுந்து முகத்தைக் கிழித்துவிடும், அதனால் வளைவுகளில் பேசிக்கொண்டே போவது நல்லது. 2024இல் நம் அரசு 40 மலையேற்றப் பாதைகளுக்கு ஆன்லைனில் பதிவு ஆரம்பித்தது. அதில் கூடவே உள்ளூர் வழிகாட்டி வருவார். அவர் நில் என்றால் நிற்க வேண்டும், போட்டோ அப்புறம்.

அணைக்கரை ஆள்:
சிரிப்பாக வருகிறது. திருமலையில் இருக்கும் சிறுத்தைக்கு இத்தனை திட்டம். இங்கே கொள்ளிடத்தில் முதலை கிடக்கிறது, குளிக்காதீர்கள் என்று போர்டு வைத்திருக்கிறது, அந்தப் போர்டிலேயே சட்டையை மாட்டிவிட்டு இறங்குகிறார்கள். கேட்டால் "நம்ம ஆறு தானே". ஆட்டைக் குளிப்பாட்டப் போய்க் காலைக் கொடுத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

குத்தாலத்துக்காரன்:
முதலைக்குத் தனி விவாதத் திரி தொடங்குங்கள் அண்ணே, நானே வந்து சண்டை போடுகிறேன். வால்பாறை அண்ணன் சொன்னதை வேனில் எல்லோருக்கும் படித்துக் காட்டப் போகிறேன். ஆனால் தடி விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. படி ஏற ஊன்றுகோலாகவாவது ஆகும், 3,550 படி சும்மாவா.

மச்சான்:
நான்தான் அந்த மச்சான். வெடியை விட்டுவிடுகிறேன், சரி. சுந்தரவனத்தில் தேன் எடுக்கப் போனவர்கள் பின்மண்டையில் முகமூடி மாட்டிக்கொண்டு போய்ப் புலியை ஏமாற்றினார்களாமே, அதைச் செய்தால் என்ன? ஆளுக்கு இருபது ரூபாய்தான்.

கொள்ளிடக்கரை:
செய்தார்கள், 1980களின் கடைசியில், கொஞ்ச காலம் பலனும் கொடுத்தது. பின்னாலிருந்து பாயும் என்று நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி கொண்டுவந்துவிட்டீர்கள், நன்றி. முகமூடியை விடுங்கள் மாமா, வேன் எத்தனை மணிக்கு அலிபிரி சேரும்?

மச்சான்:
காலையில் கிளம்பி, வழியில் திருவண்ணாமலையில் சாமி கும்பிட்டு, அங்கேயே சாப்பாடு. சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்குள் சேர்ந்துவிடும்.

சீர்காழி ஸ்டோர்ஸ்:
தடிக் கட்சிக்காரன் நானே சொல்கிறேன், ஐந்தரைக்குப் பிள்ளைகளோடு ஏற ஆரம்பிக்காதீர்கள். கீழேயே ரூம் போட்டுப் படுத்துவிட்டு விடிந்ததும் ஏறுங்கள்.

மச்சான்:
ரூமுக்கு யார் காசு தருவது?

குத்தாலத்துக்காரன்:
வெடி வாங்க வைத்திருந்த காசு இருக்கிறதே மச்சான்.