பேஸ் ஏறினால் ஆம்ப் கட் ஆகிறது, ஃபியூஸ் ஹோல்டர் சுடுகிறது: கெப்பாசிட்டர் போட்டால் சரியாகுமா?

குளச்சல்_பேஸ்:
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். வண்டி பெட்ரோல் ஹேட்ச்பேக். 12 இன்ச் சப் (பேஸுக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர்), 4+4 ஓம் டபுள் காயில். மோனோ ஆம்ப் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபையர்), 2 ஓமில் 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து கொடுக்கும் பவர்), உடம்பிலேயே இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ். வயரிங் கிட் மேலே "4 கேஜ், 1500 வாட்" என்று போட்டிருக்கு. மெயின் ஃபியூஸ் டிக்கியில், ஆம்ப் பக்கத்தில். எர்த் (ஆம்ப் மைனஸ்ஸை வண்டி பாடியில் மாட்டும் வயர்) பின்சீட் போல்ட்டில். சவுண்டு பாதிக்கு மேல் போனால் ஹெட்லைட் மங்குது, ஆம்பில் சிவப்பு லைட் வருது. ஃபியூஸ் ஹோல்டர் தொட முடியாத சூடு. கடையில் 1 ஃபாரட் கெப்பாசிட்டர் (கரன்ட்டைச் சேமித்து வைத்து சட்டென்று கொடுக்கிறது) போடச் சொல்றாங்க. வாங்கலாமா?

மார்த்தாண்டம்_12வி:
கெப்பாசிட்டரை மறந்துடுங்க தம்பி. வயர் வழியிலேயே வோல்டேஜ் தொலையும்போது அது ஒரு நொடி கூடத் தாங்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஃபியூஸ் இருக்கிற இடம். மெயின் ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான், ஆம்பை அல்ல. டிக்கியில் வைத்தால் பேட்டரியிலிருந்து அங்கே வரைக்கும் 5 மீட்டர் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கிற தடுப்பு) தகட்டு விளிம்பில் உறை கிழிந்து பாடியைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். தடுக்க ஆளில்லாமல் வயர் பழுத்து கார்பெட் பற்றிக்கொள்ளும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து வயர் நீளம் 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் வந்தாகணும். இதைச் செய்யும்வரை அந்த வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றியே வைங்க.

கணக்கு இப்படி: 500 வாட்டை 80 சதவீதத் திறனாலும் 13 வோல்ட்டாலும் வகுத்தால் 48 ஆம்பியர். 60 ஆம்பியர் ஃபியூஸ் போதும், 100 போடாதீங்க. ஆனா வயர் 60-ஐத் தாங்கணும். நிஜ 4 கேஜ் என்றால் சுமார் 21 ஸ்கொயர் எம்எம் செம்பு. உறையை உரித்து ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்க. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம். உறை மட்டும் தடியாக, உள்ளே 8 கேஜ் (எண் கூடினால் வயர் மெலிசு) அளவுக்கே இழை இருக்கிற கிட் சந்தையில் ஏராளம்.

பின்சீட் போல்ட்டும் சரியில்லை. பெயின்ட், மரையில் பூசிய பசை எல்லாம் இடையில் நிற்கும். சீட் பெல்ட் போல்ட்டை எந்தக் காரணத்துக்கும் தொடாதீங்க.

ஃபியூஸை முன்னால் மாற்றிய பிறகு இன்ஜின் ஓட, பேஸ் பாட்டு போட்டு மீட்டரில் டிசி வோல்ட் பாருங்க. பேட்டரி பிளஸ்ஸுக்கும் ஆம்ப் பிளஸ்ஸுக்கும் நடுவே எவ்வளவு, மைனஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் நடுவே எவ்வளவு? புரோபை நீட்ட நீள வயர் ஒன்று வேணும்.

ஓம்_கணக்கு:
இரண்டு காயிலும் பேரலலில் இருக்கா? ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றி மீட்டர் வைங்க. 1.6 முதல் 1.9 ஓம் வரை காட்டினால் 2 ஓம்தான், சரி. 7 பக்கம் காட்டினால் சீரிஸ். 1-க்குக் கீழே என்றால் எங்கேயோ ஷார்ட், ஆம்பை ஆன் பண்ணாதீங்க.

ஆம்பில் இருக்கிற கெயின் சவுண்டு கூட்டும் திருகு இல்லை, ஹெட் யூனிட் (வண்டி ஸ்டீரியோ) சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவது. ஸ்பீக்கர் வயர் கழன்றிருக்கும்போதே பேஸ் பூஸ்ட் சுழி, ஈக்வலைசர் நேர்கோடு, ஹெட் யூனிட் சவுண்டு முக்கால் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டுங்க. ஆம்ப் அவுட்டில் ஏசி வோல்ட் 31.6 வரும்வரை மட்டும் திருப்புங்க. 500-ஐ 2-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அதுதான். லோ பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ்.

குளச்சல்_பேஸ்:
ஃபியூஸ் முன்னால் மாற்றியாச்சு. காயில் 1.8 ஓம். பேட்டரியில் 14.1, ஆம்பில் 12.2. பாசிட்டிவ் பக்கம் 0.8, எர்த் பக்கம் 1.1. இழையைச் சுரண்டினேன், வெள்ளைதான்.

மார்த்தாண்டம்_12வி:
அப்போ இரண்டு பக்கமும் கோளாறு. நல்ல செம்பு 4 கேஜில் 5 மீட்டருக்கு 45 ஆம்பியர் ஓடினாலும் 0.2 வோல்ட்டுக்குள்தான் போகும். வயரை மாற்றுங்க, எர்த்தும் அதே தடிமனில், 45 செ.மீ.க்குள். புது ஓட்டை போடுவதானால் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்க. பின்சீட்டுக்குக் கீழேதான் பெட்ரோல் டேங்க், பிரேக் பைப்பும் அந்த வழி. வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றணும், கடைசியில்தான் மாட்டணும். ஃபயர்வாலில் ரப்பர் புஷ் கட்டாயம். பவர் வயர் ஒரு பக்கம், ஆர்சிஏ (ஹெட் யூனிட்டிலிருந்து வரும் சிக்னல் வயர்) மறுபக்கம்.

உப்புக்காற்று:
குளச்சல் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். கடலோரத்தில் திறந்த செம்பு சீக்கிரம் பச்சை பூத்துவிடும். மேலே பச்சை தெரியும்போது உள்ளே ரெசிஸ்டன்ஸ் ஏறிப்போயிருக்கும். ஈயம் பூசிய லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்) வாங்கி ஹெக்ஸ் கிரிம்பரில் (அறுகோணமாக அழுத்தும் கருவி) அழுத்துங்க. சால்டர் மட்டும் வைத்தால் வயர் விறைத்து, நம்ம ரோட்டுக் குலுக்கலில் அந்த இடத்திலேயே ஒடியும். மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். எர்த் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளி போல மின்னும் தகடு வரணும், ஸ்டார் வாஷர் வைத்து முறுக்கி, *அதன் பிறகு* மேலே பெயின்ட் அல்லது வாசலின். முன்கூட்டிப் பூசினால் தொடர்பே இருக்காது.

ஆடி மழை, ஐப்பசி மழை இரண்டும் இங்கே உண்டு, ஸ்டெப்னி குழியில் தண்ணி தேங்கும். அதனால் ஆம்பைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றுங்க. சப் பாக்ஸ் மேலேயும் வேண்டாம், அதிர்வில் ஸ்க்ரூ கழலும். ஐப்பசி முடிந்ததும் எர்த் போல்ட்டை ஒருமுறை முறுக்கிப் பாருங்க.

குளச்சல்_பேஸ்:
சரி அண்ணே. பேட்டரி நெகட்டிவ் முனையில் சின்ன சென்சார் ஒன்று இருக்கு. எர்த்தை நேரே பேட்டரி மைனஸ்ஸுக்கே கொண்டு போகலாமா?

மார்த்தாண்டம்_12வி:
வேண்டாம். பேட்டரியிலிருந்து போகிற கரன்ட்டை அந்த சென்சார்தான் கணக்கு வைக்கிறது. முனையில் நேரே மாட்டினால் ஆம்ப் இழுப்பது அதற்குத் தெரியாது, சார்ஜிங் குளறுபடியாகும். பாடியிலேயே எடுங்க.