புதுப்பிப்பு: கீபோர்டில் அத்தை பெயர் சரியாகிவிட்டது

கூகுளின் கீபோர்டு செயலியான ஜிபோர்டு, என் அத்தை மங்கையர்க்கரசியின் பெயரை 'மங்கயற்கரசி' என்றே தப்பாகப் பரிந்துரைக்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, பிழை என்னுடையதுதான். அவசரத்தில் நான் அடித்ததையே அது கற்றுக்கொண்டிருக்கிறது. பரிந்துரைப் பட்டையில் அந்தச் சொல்லை அழுத்திப் பிடித்தேன், குப்பைத்தொட்டி வந்தது, அதில் இழுத்துப் போட்டேன். போயே போச்சு.

அப்புறம் தனிப்பட்ட அகராதி, அதாவது ஜிபோர்டில் நாமே சொற்களைச் சேர்த்துவைக்கும் பட்டியல். 'மங்கையர்க்கரசி'யை அதில் முன்பே சேர்த்துத்தான் வைத்திருந்தேன், ஆனால் ஆங்கிலத்தின் கீழ்! மொழிக்கு மொழி தனிப் பட்டியல் என்பது அப்போது உறைக்கவில்லை. தமிழில் சேர்த்து, குறுக்குவழியாக 'மங்' கொடுத்தேன். இப்போது அதை அடித்தாலே முழுப்பெயரும் மேலே வந்து நிற்கிறது.

என் புலம்பலைப் பார்த்து, தானியங்கித் திருத்தத்தையே அணைக்கச் சொன்னவர்களுக்கு: ஆங்கிலத்தில் எனக்கு அது வேண்டும், விட்டுவைத்திருக்கிறேன். பெயர் சரியானதை அத்தையிடம்தான் இன்னும் சொல்லவில்லை.