சார்கோயிடு: ‘மருக்கழலை’யா, ‘படர்கழலை’யா?

அன்புள்ள குழுவினர்க்கு,

சார்கோயிடு (sarcoid) என்னும் குதிரைத் தோல் கழலைக்கு, அதாவது கட்டிக்கு, நம் அகராதியில் எந்தத் தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> குதிரைத் தோலில் வரும் சார்கோயிடுக்கு ‘மருக்கழலை’ பொருந்தும். தோற்றமும் மருதான், காரணமும் பாப்பிலோமா வைரஸ்தான்.

காரணம் சரிதான், ஐயா. மாடுகளுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸின் 1, 2 ஆம் வகைகளே பெரும்பாலும் குதிரையில் இதை உண்டாக்குகின்றன. ஆனாலும் ‘மரு’ வேண்டாம். மாட்டின் மரு பெரும்பாலும் தானே உதிர்ந்துவிடும். சார்கோயிடை அப்படி நம்பிக் காத்திருக்க முடியாது. மரு என்று கேட்டவர் நூல் கட்டுவார், மேலோட்டமாக அறுப்பார். அரைகுறையாகச் சீண்டினால் இது முன்னைவிட வேகமாக வளரக்கூடும். பெயரே தவறான வைத்தியத்துக்கு வழிகாட்டக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் ஜாக்சன் 1936இல் சார்கோயிடு என்று பெயரிட்டதே மரு, நார்க்கட்டி முதலியவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டத்தான்.

முன்பு வந்த பரிந்துரையான ‘சதைப்புற்றுப்போலி’ மூலச்சொல்லுக்கு நெருக்கம்; சார்கோயிடு என்றாலே சதைப்புற்று (சார்கோமா) போன்றது என்றுதான் பொருள். ஆனால் ‘போலி’ என்றால் அஞ்ச வேண்டியதில்லை என்று ஆகிவிடும்.

என் பரிந்துரை ‘படர்கழலை’. படர்தல் இருந்த இடத்திலிருந்தே ஊர்ந்து விரிவது. பரவுதல் வேறிடம் போவது. சார்கோயிடு தோலுக்கடியில் விரியும், வெட்டிய விளிம்பில் மீண்டும் முளைக்கும். நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போவதில்லை. வெள்ளைக் குதிரைகளின் வாலடியில் வரும் கருநிறமிப் புற்று உள்ளுறுப்புகளுக்கும் பரவக்கூடியது. இந்த வேறுபாட்டை ஒரே வினைச்சொல் காட்டிவிடுகிறது.

> ‘படர்தாமரை’யோடு குழம்பாதா?

நல்ல கேள்வி. சார்கோயிடின் தொடக்க வகை ஒன்று முடி உதிர்ந்த வட்டத் திட்டாகவே இருக்கும். படர்தாமரை என்று ஏமாறுவது வழக்கம். படர்தாமரை பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும், இது அப்படி விரைவில் ஆறாது. இரு சொற்களும் அகராதியில் அருகருகே நிற்பதை நான் விரும்புகிறேன். ஒன்றைத் தேடுபவர் மற்றதையும் பார்ப்பார்.

சிகிச்சைப் பகுதிக்கு எளிய சொற்களே போதும்: விளிம்பு விட்டு அகற்றல், லேசர், உறையவைத்தல், கழலைக்குள் சிஸ்பிளாட்டின் (புற்றுநோய் மருந்து) ஊசி, நோயெதிர்ப்பைத் தூண்டும் இமிகுவிமோடு களிம்பு, கண்ணருகே என்றால் பிசிஜி (காசநோய்த் தடுப்பு மருந்து) ஊசி. எதைச் செய்தாலும் மீண்டும் வரலாம் என்ற வரியைப் பதிவில் விட்டுவிட வேண்டாம்.

உள்வகைகள் ஆறு. மறைவகை, மருவகை, முடிச்சுவகை, நார்வகை, கலப்புவகை என ஐந்துக்குச் சொல் அமைகிறது. ‘மரு’வுக்கு உரிய இடமும் அங்கேதான். நிணநாளங்கள் வழியே ஆழமாக ஊடுருவும் ஆறாவதைக் ‘கொடுவகை’ எனலாமா? கால்நடை மருத்துவர்கள் சொல்லுங்கள்.